காற்றாலை இறக்கையும் கைத்தொழில் அறிவும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்துவரும் இச்சங்கத்தின் வெள்ளி விழாவில், புதிய தொழில்களைப் பற்றி இளைஞர்களுக்குச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். தொழில்கள் நூறு உண்டு. நூறையும் தொட்டுச் செல்வதைவிட, ஒன்றை எடுத்துச் சற்று ஆழமாகப் பார்ப்பது பயன் தரும் என்று கருதுகிறேன். ஆகவே காற்றாலையின் இறக்கை எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை இன்று எடுத்துக்கொள்கிறேன். நான் பொறியியல் கற்றவன் அல்லேன், பி.ஏ., பி.எட். படித்து அரசுப் பள்ளியில் தலைமையாசிரியனாகப் பணி செய்பவன். படித்தும் கேட்டும் அறிந்தவற்றை வகுப்பறையில் கூறுவதுபோல எளிமையாகக் கூற முயல்கிறேன்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசுவது இம்மன்றத்துக்குப் புதிதன்று. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்தபோது, நாட்டின் மின்சாரக் கொள்கையை வகுக்கும் குழுவுக்கும் தலைமை தாங்கினார் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். மின்சாரம் இன்றித் தொழில் இல்லை. தொழில் இன்றி ஏழைக்கு விடுதலை இல்லை என்பதை உணர்ந்தவர் அவர். அம்மின்சாரத்தைக் காற்றிலிருந்து எடுக்கும் கருவியின் உயிர்நாடியே இறக்கை.

இறக்கை ஏன் நீண்டது?

ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு ஆகிய ஊர்களின் வழியே பயணம் செய்தவர்கள் அங்கே காடுபோல் நிற்கும் காற்றாலைகளைக் கண்டிருப்பீர்கள். நெடுஞ்சாலையில் ஒற்றை இறக்கையை ஏற்றிய நீண்ட வண்டி ஊர்ந்து செல்வதையும், அது ஒரு வளைவைக் கடப்பதற்குள் போக்குவரத்து நின்றுவிடுவதையும் பார்த்திருப்பீர்கள். இந்தியாவின் முதற் காற்றாலைப் பண்ணைகள் 1986-ஆம் ஆண்டு அமைந்தன. அவற்றுள் ஒன்று நம் தூத்துக்குடிப் பகுதியில் அமைந்தது. அன்றைய இயந்திரம் ஒன்றின் திறன் 55 கிலோவாட். அதன் இறக்கைகள் சுழலும் வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 15 மீட்டர். இன்று தரையில் நிறுவப்படும் இயந்திரங்களில் 60, 70 மீட்டர் நீளமுள்ள இறக்கைகள் பொருத்தப்படுகின்றன. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் டென்மார்க்கின் ஓஸ்டரில்ட் என்னுமிடத்தில் சோதனைக்காக நிறுவப்பட்ட 15 மெகாவாட் கடற்காற்றாலையின் இறக்கை ஒன்றின் நீளம் 115.5 மீட்டர். நம் பள்ளிகளில் நூறு மீட்டர் ஓட்டத்துக்குக் கோடு போடுகிறோமே, அந்தக் கோட்டையும் தாண்டிச் செல்லும் நீளம் அது.

இவ்வளவு நீளம் எதற்கு? ஒன்பதாம் வகுப்புக் கணக்கே இதற்கு விடை தரும். இறக்கையின் நீளம் இரு மடங்கானால், அது துழாவும் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகிறது. பிடிக்கும் காற்றும் நான்கு மடங்காகிறது. ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் இரு மடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகிவிடும். வரவு நான்கு, செலவு எட்டு என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்? ஆகவே, நீளம் கூட வேண்டும், எடை கூடக் கூடாது, வலிமையோ குறையக் கூடாது. இரும்பு கனமானது. அலுமினியம் ஓயாமல் வளைந்து நிமிர்ந்தால் நாளடைவில் களைத்து வெடிக்கும். இந்த மூன்று தேவைகளையும் ஒருசேர நிறைவு செய்த பொருள் எது தெரியுமா? கண்ணாடி!

மண்சுவரும் மூங்கிலும் கற்பித்த பாடம்

கண்ணாடி என்றதும் நீங்கள் வியப்படையலாம். கீழே விழுந்தால் நொறுங்கும் கண்ணாடியா காற்றைத் தாங்கும்? 1920-ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த ஏ. ஏ. கிரிஃபித் என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். கண்ணாடி எளிதில் உடைவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்களே என்றும், அதனை மெல்லிய இழையாக இழுக்க இழுக்க அதன் வலிமை பன்மடங்கு பெருகுகிறது என்றும் அவர் காட்டினார். தலைமயிரைவிட மெல்லிய அந்த இழைகளைத் துணியாகத் தைத்து, அடுக்கடுக்காக வைத்து, பிசினை ஊட்டி இறுகச் செய்தால் கிடைப்பதே கண்ணாடி இழைக் கூட்டுப்பொருள். நம் கடற்கரை மீனவர்கள் பயன்படுத்தும் பைபர் படகு இதனால் ஆனதே.

இழை இழுவையைத் தாங்கும். பிசின் இழைகளைப் பிடித்து நிறுத்தி, ஒன்றன் சுமையை மற்றொன்றுக்கு மாற்றும். தனி இழை வளைந்து துவளும். தனிப் பிசின் வெடித்து உடையும். இரண்டும் சேரும்போது இரண்டிலும் இல்லாத ஓர் ஆற்றல் பிறக்கிறது.

இந்த உண்மை நமக்கு முற்றிலும் அயலானதா? அன்று. மண்ணோடு வைக்கோலைக் கலந்து மிதித்து, ஒரு வரி காய்ந்தபின் மறுவரி வைத்துச் சுவர் எழுப்பியவர்கள் நம் பாட்டன்மார். வைக்கோல் இல்லாத மண்சுவர் முதல் வெயிலிலேயே வெடித்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். மூங்கிலைப் பிளந்து நார் ஓடும் திசை பார்த்துக் கூடை முடைந்தவர்களுக்கு, நாரின் போக்கிலே வலிமை, குறுக்கே வலிமை இல்லை என்பது தெரியும். தோலை அடுக்கி ஒட்டித் தைத்தவர்களுக்கு, ஒட்டும் பரப்பில் தூசி இருந்தால் அடுக்கு பிரியும் என்பது தெரியும். அறிவு நம்மவர் கைகளில் இருந்தது. அதற்கு அறிவு என்ற பெயரைத் தரத்தான் இச்சமுதாயம் மறுத்தது. காற்றாலை இறக்கையைச் செய்யும் பொறியாளன் இன்று ஏட்டில் எழுதிவைப்பதும் இம்மூன்று பாடங்களையே.

பள்ளியில் பிறந்த பேரிறக்கை

இத்தொழிலின் வரலாறும் நாம் அறியத்தக்கது. 1957-ஆம் ஆண்டு டென்மார்க்கில் கெட்சர் என்னுமிடத்தில் யோஹான்னஸ் யூல் அமைத்த 200 கிலோவாட் காற்றாலையின் இறக்கைகள் இரும்பு, மரம், அலுமினியத் தகடு ஆகியவற்றால் ஆனவை. அதே காலத்தில் ஜெர்மனியில் உல்ரிக் ஹூட்டர் என்னும் பேராசிரியர், 34 மீட்டர் குறுக்களவுள்ள தம் காற்றாலைக்குக் கண்ணாடி இழையால் இறக்கை செய்து காட்டினார். ஆனால் எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம் அது. உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது. அதன்பின் டென்மார்க்கின் மேற்குப் பகுதியில், உல்ஃபோர்க் அருகே ட்விண்ட் என்னுமிடத்திலிருந்த பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும், ஊர் ஊராக வந்து சேர்ந்த தொண்டர்களும் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே உண்டாக்குவது என்று முடிவு செய்தனர். 1975-இல் வேலை தொடங்கி, 1978-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இயந்திரத்தைச் சுழல விட்டனர். கோபுரத்தின் உயரம் 53 மீட்டர். சுழல் வட்டத்தின் குறுக்களவு 54 மீட்டர். அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய காற்றாலைகளுள் அது ஒன்று. பழைய ஆலைகளிலிருந்து கழித்த உறுப்புகள் சிலவற்றை வாங்கிப் பொருத்தினார்கள். ஆனால் இறக்கைகளைக் கடையில் வாங்க இயலாதே! கண்ணாடி இழைத் துணியையும் பிசினையும் கொண்டு அவற்றைத் தங்கள் கைகளாலேயே செய்தார்கள். அடிப்பகுதியைப் பொருத்தும் முறையை ஹூட்டரின் பட்டறிவிலிருந்து கற்றார்கள். அந்த முதல் இறக்கைகள் 1993 வரை உழைத்தன. அப்பள்ளி அமைப்பின் தலைவர்கள்மீது பிற்காலத்தில் பண விவகாரங்கள் குறித்து வழக்குகள் நடந்தன. அது வேறு செய்தி. ஆசிரியரும் மாணவரும் கூடிச் செய்த அந்த இறக்கை பொய்யாகவில்லை.

அங்கே உருவான சிறிய இறக்கையின் அச்சு, எரிக் குரோவ்-நீல்சன் என்பவர் வழியாகச் சிறு பட்டறைகளுக்கும் பயன்பட்டது. அதே 1978-ஆம் ஆண்டில் லுண்டர்ஸ்கோவ் என்னும் ஊரில் மேசை நாற்காலி செய்வதில் தொடங்கிப் பின்னர்க் கண்ணாடி இழைப் படகு செய்த ஒரு தொழிற்கூடமும் இறக்கை செய்யத் தொடங்கியது. எல்.எம். என்னும் பெயரில் அது வளர்ந்து, 2019-ஆம் ஆண்டு பிரான்சின் ஷெர்பூர் நகரில் 107 மீட்டர் இறக்கையைச் செய்தது.

இதனை நான் விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பிறப்பினால் தொழிலை வகுத்த நாட்டில் வாழ்கிறோம் நாம். எத்தொழிலிலும் "இது எங்கள் பரம்பரை" என்று வாயிற்படியில் ஒருவர் நிற்பதைக் கண்டிருக்கிறோம். காற்றாலை இறக்கைத் தொழிலுக்குப் பரம்பரை இல்லை. தச்சரும் படகு கட்டுவோரும் பள்ளி ஆசிரியரும் மாணவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று உருவாக்கிய தொழில் இது. கற்றவனுக்கே உரிமை.

அடுக்கின்மேல் அடுக்கு

இனி, செய்முறையைப் பார்ப்போம். இறக்கையின் வடிவத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தாற்போல் இரண்டு பெரிய அச்சுகள் இருக்கும். இரண்டு நீண்ட தோணிகளை அடுத்தடுத்து வைத்ததுபோல் தோன்றும். அச்சின் உட்புறத்தில், பொருள் ஒட்டாதிருக்க மெழுகு போன்ற ஒன்றைப் பூசுவார்கள். அதன்மேல் கண்ணாடித் துணிகளை வரைபடத்தில் குறித்த வரிசைப்படி விரிப்பார்கள். நீளவாக்கில் ஓடும் இழைகள் இறக்கை வளையாமல் காக்கும். சாய்வாக இரு பக்கமும் குறுக்கிடும் இழைகள் அது முறுக்கிக்கொள்ளாமல் காக்கும். நடுவே முதுகெலும்புபோல் நீள இழைகளாலான தடித்த பட்டை ஒன்று ஓடும். மிகப் பெரிய இறக்கைகள் சிலவற்றில் அதற்குக் கரி இழையைப் பயன்படுத்துகிறார்கள். அடிப்பகுதியில் பல பத்து அடுக்குகள் இருக்கும். நுனியை நெருங்க நெருங்க அவை ஒவ்வொன்றாகக் குறையும்.

பட்டைக்கு இருபுறமும், கண்ணாடித் துணிகளுக்கு இடையே, இலேசான பால்சா மரத்துண்டுகளையோ நுரைப்பலகைகளையோ பதிப்பார்கள். அவை எடையைக் கூட்டாமல் தடிப்பைக் கூட்டும். தடித்த பலகை எளிதில் வளையாது அன்றோ? பின்னர் எல்லாவற்றின்மீதும் பிசின் பரவுவதற்கான வலைத்துணியையும், அதன்மேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் விரிப்பையும் போர்த்தி, ஓரங்களைப் பசை நாடாவால் அடைத்து, உள்ளிருக்கும் காற்றைப் பம்பு கொண்டு உறிஞ்சுவார்கள்.

இங்கே உங்கள் இயற்பியல் பாடத்தை நினைவு கூருங்கள். வளிமண்டலம் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மீது ஏறத்தாழ 10 டன் எடைக்கு நிகராக அழுத்துகிறது. விரிப்புக்குள் காற்று இல்லையெனில், அந்த அழுத்தம் முழுவதும் துணி அடுக்குகளின்மீது இறங்கும். நூறு சதுர மீட்டர் அச்சென்றால் ஆயிரம் டன்! செலவில்லாத அழுத்து இயந்திரம் அது. ஆனால் ஊசிமுனையளவு ஓட்டை இருந்தாலும் காற்று உட்புகும். பிசின் செல்லவேண்டிய இடத்தில் குமிழி நிற்கும். ஆகவே பிசினை விடுவதற்கு முன் பம்பை நிறுத்தி, அழுத்தமானி அசையாமல் நிற்கிறதா என்று பார்த்திருப்பார்கள். பொறுமை இத்தொழிலில் ஓர் அளவுகோலாகவே பயன்படுகிறது.

பிறகு எப்பாக்சிப் பிசினையும் அதனை இறுகச் செய்யும் ஹார்டனரையும் குறித்த விகிதத்தில் கலந்து குழாய்களின் வழியே விடுவார்கள். வெற்றிடம் அதனை இழுத்து, எல்லா அடுக்குகளையும் நனைக்கும். விகிதம் தவறினால் பிசின் சரியாக இறுகாது. தடித்த இடத்தில் அளவுக்கு மீறி வெப்பம் எழுந்தால் பொருள் கருகவும் கூடும். அச்சைச் சூடாக்கி இறுகச் செய்தபின், உள்ளே நடுச்சுவர்களை நிறுத்தி, விளிம்புகளில் பசையிட்டு, ஓர் அச்சைத் திருப்பி மற்றொன்றின்மேல் கவிழ்த்து இரு பாதிகளையும் ஒட்டுவார்கள். அதன்பின் ஓரம் வெட்டுதல், தேய்த்தல், அடியில் போல்ட்டுகளுக்கு ஏற்பாடு செய்தல், இடிதாங்கிக் கம்பி இணைத்தல், வண்ணம் பூசுதல், எடை சரிபார்த்தல் ஆகியவை நடைபெறும்.

இவ்வளவு பெரிய பொருளைச் செய்யும்போதும் துணியை விரித்து நீவுவது பெரும்பாலும் மனிதக் கைதான் என்பதைக் கவனியுங்கள். ஆண்களுக்கே உரிய வேலை என்று இதில் எதுவும் இல்லை. சுருக்கமில்லாமல் துணி விரிக்கவும், நூலோட்டம் பார்த்து வெட்டவும் தெரிந்த நம் பெண்பிள்ளைகளுக்கும் இங்கே இடம் உண்டு.

ஒரு சுருக்கத்தின் விலை

சுருக்கம் என்றேனே, அது என்ன செய்யும்? நேராக நிற்கும் இழை சுமையைத் தாங்கும். அலைபோல் வளைந்து கிடக்கும் இழை, சுமை வரும்போது மேலும் மடங்க முயலும். பக்கத்து அடுக்கைத் தள்ளிப் பிரிக்கும். மேலே வண்ணம் பூசியபின் அந்தச் சுருக்கம் எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் காற்றுக்குத் தெரியும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 60 மீட்டர் இறக்கை நிமிடத்துக்கு 12 முறை சுழல்கிறது என்று கொள்வோம். அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். இருபது ஆண்டுகளில், ஓய்வு நேரத்தைக் கழித்தாலும், சுற்றுகளின் எண்ணிக்கை பத்துக் கோடியை எட்டும். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் எடை அதனை ஒரு பக்கமாக ஒருமுறையும் மறுபக்கமாக ஒருமுறையும் வளைக்கிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதைப் பார்த்திருக்கிறோம். பத்துக் கோடி முறை வளைந்தும் ஒடியாத பொருளில், ஒளிந்து கிடக்கும் ஒரு பிழை நாள்தோறும் சிறிது சிறிதாக வளராமல் இருக்குமா?

"சோதனை செய்து பார்க்கமாட்டார்களா?" என்று கேட்பீர்கள். செய்கிறார்கள். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61400-23 என்னும் தரநிலைப்படி, புதிய வகை இறக்கை ஒன்றைச் சுவரில் பொருத்தி, இழுத்தும், இலட்சக்கணக்கான முறை ஆட்டியும் பார்க்கிறார்கள். ஆனால் அவ்வாறு சோதிக்கப்படுவது மாதிரி இறக்கை. அதன்பின் அதே அச்சில் பிறக்கும் மற்றவற்றை மீயொலிக் கருவி கொண்டு பார்வையிடுவார்களே தவிர, ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் ஆட்டிப் பார்ப்பது இயலாது. எனவே, ஒவ்வோர் இறக்கைக்கும் பொறுப்பு அதனைச் செய்தவர்களிடமும் பார்வையிட்டவர்களிடமுமே நிற்கிறது.

அண்மையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலில் வைன்யார்டு விண்டு என்னும் காற்றாலைத் திட்டத்தில், 2024-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் 107 மீட்டர் நீளமுள்ள ஓர் இறக்கை முறிந்தது. அதன் நுரையும் கண்ணாடி இழைத் துண்டுகளும் நான்டக்கெட் தீவின் கரையில் ஒதுங்கின. கோடைக் காலத்தில் கடற்கரைகளை மூட நேர்ந்தது. கனடாவின் காஸ்பே நகரத் தொழிற்சாலையில் அந்த இறக்கை செய்யப்பட்டபோது ஒட்டு போதிய அளவில் அமையவில்லை என்றும், தரச் சோதனையில் அது பிடிபட்டிருக்க வேண்டும் என்றும் அதனைச் செய்த ஜி.இ. வெர்னோவா நிறுவனமே அறிவித்தது. அத்தொழிற்சாலையில் செய்யப்பட்ட மற்ற இறக்கைகளின் சோதனைப் படங்களை மீண்டும் ஆராய்ந்தனர். பொருத்தியிருந்த இறக்கைகளையும் கழற்ற நேர்ந்தது. 2025-ஆம் ஆண்டு நான்டக்கெட் ஊராட்சிக்கு 105 இலட்சம் டாலர் இழப்பீடு தர அந்நிறுவனம் உடன்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? "பசை சரியாகப் பிடிக்கவில்லை, ஐயா, சற்று நிறுத்துங்கள்" என்று கூறத் தெரிந்த ஒருவரும், அதனைச் செவிமடுக்கும் ஒருவரும் இருந்தால்தான் இறக்கை உருவாகும். அவ்வாறு கூறுவதற்கு இரண்டு வேண்டும்: தவறு என்று அறியும் கல்வி, வாய் திறக்கும் துணிவு. ஏன் விரிக்கிறோம் என்று அறியாமல் துணி விரிப்பவனுக்குச் சுருக்கம் கண்ணிலே படாது. கண்ணில் பட்டும், வேலை போய்விடும் என்று அஞ்சுபவன் அதன்மேல் அடுத்த அடுக்கை விரித்து மூடிவிடுவான். தொழிலாளியை அஞ்ச வைக்கும் நிறுவனம் தன் இறக்கையைத் தானே பலவீனப்படுத்திக்கொள்கிறது. குனிந்தே பழக வேண்டும் என்று பல தலைமுறைகளாக நமக்குக் கட்டளையிட்டார்கள். நிமிர்ந்து "இது தவறு" என்று சொல்வதே கடமையாக இருக்கும் ஒரு தொழில் நம் இளைஞர்களுக்கு வாய்க்குமானால், அதனை நான் வெறும் வேலைவாய்ப்பு என்று மட்டும் கருதமாட்டேன்.

உடலைக் காத்தல்

நன்மையை மட்டும் கூறி உங்களை அனுப்புவது ஆசிரியனுக்கு அழகன்று. எப்பாக்சிப் பிசினும் ஹார்டனரும் இறுகுவதற்கு முன் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். அது ஒருமுறை வந்துவிட்டால் மிகச் சிறு அளவும் பொறுக்காமல் போகும். தொழிலையே விட நேரிடும். சில வகைப் பிசின்களிலுள்ள ஸ்டைரீன் என்னும் ஆவி தலைச்சுற்றலையும் கண்ணெரிச்சலையும் தரும். அது மனிதனுக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2018-ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூசி தோலையும் மூச்சுக்குழலையும் அரிக்கும்.

இவற்றுக்குக் காப்பு உண்டு. ஏற்ற கையுறை, முழுக்கை உடை, மூச்சுக்கவசம், தூசியை உறிஞ்சும் கருவி, காற்றோட்டம் ஆகியவை இருந்தால் இத்தொழிலைப் பாதுகாப்பாகச் செய்யலாம். இவை நிர்வாகம் மனமிரங்கி அளிக்கும் சலுகைகள் அல்ல, தொழிலாளியின் உரிமைகள். கையுறை கிழிந்தால் மாற்றுக் கையுறை கேளுங்கள். கவசமின்றித் தேய்க்கும் அறைக்குள் நுழையாதீர்கள். அழுக்கும் ஆபத்தும் நிறைந்த வேலை எதுவோ அது நம்மவர் தலையில் விழுவதே இந்நாட்டின் பழைய வழக்கம். புதிய தொழிற்சாலைக்குள்ளும் அவ்வழக்கம் சந்தடியின்றி நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

தொழிலின் இரு முனைகளையும் பாருங்கள். பால்சா மரத்தின் பெரும்பகுதி தென்னமெரிக்காவின் ஈக்வடார் நாட்டிலிருந்து வருகிறது. 2020-ஆம் ஆண்டையொட்டி அதன் தேவை திடீரெனப் பெருகியபோது, அமேசான் பழங்குடி மக்களின் ஆற்றங்கரைகளிலும் தீவுகளிலும் புகுந்து மரங்களை வெட்டினர். மறுமுனையில், வாழ்நாள் முடிந்த இறக்கையை என்ன செய்வது என்னும் கேள்வி நிற்கிறது. ஒருமுறை இறுகிய எப்பாக்சியை மெழுகுபோல் உருக்க இயலாது. அமெரிக்காவில் வையோமிங் மாநிலத்தின் காஸ்பர் நகரில் இறக்கைகளைத் துண்டுகளாக்கி மண்ணில் புதைத்தார்கள். ஜெர்மனியில் அரைத்துச் சிமெண்டுச் சூளைக்கு அனுப்பினார்கள். பயன்பட்டபின் பிசினைக் கரைத்து இழையைப் பிரித்தெடுக்கக்கூடிய புதுவகை இறக்கையை சீமென்ஸ் கமேசா நிறுவனம் 2021-ஆம் ஆண்டு அறிவித்து, அடுத்த ஆண்டே ஜெர்மனியின் கடற்பகுதியில் நிறுவியது. தமிழ்நாட்டிலும் பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கான கொள்கையை அரசு 2024-ஆம் ஆண்டு வெளியிட்டிருக்கிறது. பழைய இறக்கைகள் இறங்கும்போது அவற்றை அறுக்கும் தூசியில் நிற்பவர் யார், எந்த ஊர்ப் புறம்போக்கில் அவை குவியும் என்பவற்றை நாம் இப்போதே கேட்க வேண்டும். தூய்மையான மின்சாரத்தின் குப்பை ஏழையின் வாசலில் சேருமானால், அதனை முழுத் தூய்மை என்று எவ்வாறு அழைப்பது?

இளைஞர்கள் செய்யத்தக்கவை

மாணவச் செல்வங்களே! இத்துறையில் நுழைய விரும்புவோருக்குச் சில கூறுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஒப்பந்தக்காரர் பின்னே செல்லாதீர்கள். தொழிற்பயிற்சி நிலையத்திலோ பாலிடெக்னிக்கிலோ சேருங்கள். சென்னை கிண்டியில் 1968-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சிப்பெட் நிறுவனம் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்புகளை நடத்துகிறது. பள்ளிக்கரணையில் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் இருக்கிறது. கயத்தாற்றில் அதற்குச் சோதனை நிலையமும் உண்டு. இவற்றின் அறிவிப்புகளை நம் சங்கப் படிப்பகத்தின் பலகையில் தவறாமல் ஒட்டுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

விகிதமும் சதவீதமும் பிழையின்றிப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். பிசின் கலப்பது முழுவதும் அக்கணக்குத்தான். வரைபடம் படிக்கப் பழகுங்கள். பீப்பாயின்மேல் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் எச்சரிக்கையைப் படித்துப் பொருள் கொள்ளும் அளவுக்கேனும் அம்மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தோலும் நுரையீரலும் அதனை நம்பியிருக்கின்றன. வேலையில் சேர்ந்தபின், "இப்படிச் செய்" என்று சொல்பவரிடம் "ஏன்?" என்று பணிவோடு கேளுங்கள். அந்த ஒரு சொல்லே கூலியாளைத் தொழில் வல்லுநனாக்கும் முதற்படி.

பெற்றோர்களுக்கும் ஒன்று கூறுவேன். கையில் கறைபடும் தொழிலைச் செய்யவேண்டாம் என்று பிள்ளைகளைத் தடுக்கும் எண்ணம் நம்மவரிடையே உண்டு. அதன் காரணம் எனக்குத் தெரியும். கறைபடும் தொழிலால் நாம் பட்ட இழிவு சிறிதன்று. ஆனால் இழிவு தொழிலில் இல்லை; அறிவையும் கூலியையும் மதிப்பையும் பறித்துக்கொண்டு உழைப்பை மட்டும் வாங்கிய முறையிலேதான் இருந்தது. அறிவோடும், உரிய ஊதியத்தோடும், உடற்காப்போடும் செய்யப்படும் கைத்தொழில் மனிதனைத் தாழ்த்தாது.

மலைக்கணவாய் வழியே வரும் காற்று யாருடைய குலத்தையும் கேட்பதில்லை. இறக்கையின் உள்ளே இழைகள் நேராக இருக்கின்றனவா, ஒட்டு உறுதியாக இருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. அந்தத் தேர்வில் வெற்றி பெறும் கைகள் நம் கைகளாகவும் இருக்கட்டும். அக்கைகளுக்கு வேண்டிய கல்வியைத் தருவதே இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும்.